கடலைத் துளைக்கும் கப்பலில் ஓர் ஆசிரியருக்கு என்ன வேலை?

மாணவர்களே, கோத்தா கோலா மூடாவுக்குப் போயிருக்கிறீர்களா? வாங்க வருபவர் மீனவரின் காதில் விலையைக் கிசுகிசுக்கும் 'பாசார் பிசிக்' மீன் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஒரு சுனாமிக் காட்சிக்கூடம் இருக்கிறது. சேதமடைந்த மீன்பிடிப் படகுகளைக் கொண்டு எழுப்பிய நினைவுச் சின்னமும் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் புகுந்ததற்கு அவை சாட்சி. அன்று மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 2 இலட்சத்து 30 ஆயிரம் பேர். ஆச்சே, இலங்கையின் கிழக்குக் கரை, தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் என்று நமக்குத் தெரிந்த ஊர்களின் பெயர்கள் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

உங்களில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்; ஆண்டு இறுதி விடுமுறை. 'சுனாமி' என்ற சொல்லையே எங்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

அந்த அழிவு அறிவியலாளர்களிடம் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட அந்த நிலநடுக்கம் ஏன் அவ்வளவு பெரிய அலையை எழுப்பியது? விடை தேடி 2016இல் ஒரு கப்பல் வந்தது. நம் கெடாவிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில், சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில் நின்று, கடலடியைத் துளைத்து மண்ணை எடுத்தது. இத்தகைய பயணங்களில் விஞ்ஞானிகளோடு பள்ளி ஆசிரியர்களையும் அழைத்துச் செல்வது வழக்கம். பாறையையும் சேற்றையும் ஆராயும் கப்பலில் ஆசிரியருக்கு என்ன வேலை? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

எண்ணெய் தேடிய கப்பல்

கப்பலின் பெயர் 'ஜாய்டிஸ் ரெசொல்யூஷன்'. 1978இல் கனடாவின் ஹாலிஃபக்ஸ் நகரில் எண்ணெய் தேடும் கப்பலாகக் கட்டப்பட்டது. 1985 முதல் ஆய்வுக் கப்பலாக உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. இடையில் சிங்கப்பூரில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு 2009இல் மீண்டும் கடலுக்குப் போனது. அதன் நீளம் 143 மீட்டர். நடுவில் நிற்கும் துளைக்கோபுரம் நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கும் மேல் உயரம். இருபது மாடிக் கட்டடம் ஒன்று கப்பலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரத்துக்கு நேர் கீழே, கப்பலின் அடிப்பாகத்தில், சுமார் ஏழு மீட்டர் அகலத்தில் ஒரு துளை உண்டு. 'நிலாக் குளம்' என்று மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடியில் துளை இருந்தால் கப்பல் மூழ்காதா என்று கேட்பீர்கள். கிணற்றைச் சுற்றிச் சுவர் இருப்பதுபோல் அந்தத் துளையைச் சுற்றி நீர்மட்டத்துக்கு மேலே வரை எஃகுச் சுவர் இருக்கிறது. கடல்நீர் கிணற்றுக்குள்ளேயே நிற்கும், கப்பலுக்குள் வராது. துளைக்கும் குழாய் இந்தக் கிணற்றின் வழியாகத்தான் இறங்குகிறது.

சுமத்ராவுக்கு மேற்கே கப்பல் நின்ற இடத்தில் கடலின் ஆழம் 4 கிலோமீட்டருக்கும் மேல். நம் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். மூன்று ஜெராய் மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடலில் இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. அத்தனை ஆழத்துக்கு நங்கூரம் போட முடியாது. எனவே கப்பலின் அடியிலும் பக்கங்களிலும் உள்ள 12 உந்துவிசைப் பொறிகளைக் கணினி இயக்குகிறது. செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தைக் கண்காணித்து, காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள, கப்பல் அதே இடத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

இறங்கும் குழாயின் தடிமன் சுமார் 13 சென்டிமீட்டர்தான். அதன் நீளமோ நான்கு கிலோமீட்டருக்கும் மேல். இந்த விகிதத்தை மனத்தில் கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தலைமுடி ஒன்றை வகுப்பறைக் கூரையிலிருந்து தரை வரை தொங்க விடுங்கள். அந்த முடியின் நுனியால் தரையைத் துளைக்க வேண்டும். மேலே பிடித்திருப்பவரோ ஆடிக்கொண்டே இருக்கிறார். கப்பலில் இருப்பவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை அதுதான்.

கடலடியைத் தொட்ட பிறகும் அவர்கள் நிற்கவில்லை. ஓரிடத்தில் 1,400 மீட்டருக்கும் மேல், இன்னோர் இடத்தில் 1,500 மீட்டர் வரை துளைத்தார்கள். அதாவது, கடலுக்கு அடியில் உள்ள மண்ணுக்குள் ஜெராய் மலையின் உயரத்தை விட ஆழமாகப் போனார்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டு

சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளில் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா ஷிப்டு வேலை செய்யும் வீடுகள் உங்களில் பலருடையவை. அவர்களுக்கு இந்தக் கப்பலின் வாழ்க்கை உடனே புரிந்துவிடும். இங்கே பகல் 12 முதல் இரவு 12 வரை ஒரு குழு. இரவு 12 முதல் பகல் 12 வரை மற்றொரு குழு. ஞாயிறு இல்லை, தீபாவளி இல்லை, இரண்டு மாதங்களுக்குக் கரையும் இல்லை. கப்பல் ஒருபோதும் தூங்குவதில்லை. சமையலறையில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளை, சாப்பாடு போடுகிறார்கள். ஒருவருக்குக் காலை உணவாக இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரவு உணவு. விஞ்ஞானிகள், தொழில்நுட்பர்கள், துளைப்பவர்கள், மாலுமிகள், சமையல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஏறத்தாழ 120 பேர்.

வேலையின் தாளத்தை நிர்ணயிப்பது ஒலிபெருக்கியில் வரும் ஓர் அறிவிப்பு: மண்தண்டு மேல்தளத்துக்கு வந்துவிட்டது! பெரிய குழாய்க்குள் ஒரு சிறிய குழாயை இறக்கி, மண்ணை அப்படியே உருளையாக வெட்டி, கம்பிவடத்தால் மேலே இழுக்கிறார்கள். பப்பாளிக்குள் உறிஞ்சுகுழலைக் குத்தி எடுத்தால் உள்ளே சதை உருளையாக நிற்கும் அல்லவா, அதுபோல. ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் நீளம் வரும்.

தொழில்நுட்பர்கள் பாதுகாப்புத் தொப்பியுடன் ஓடி வந்து அதைத் தோளில் ஏந்துகிறார்கள். ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டுகிறார்கள். மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு நிறமற்ற மூடி. ஏன் இந்தக் கவனம்? மண்ணில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தலைகீழாகிவிட்டால் வரலாறே தலைகீழாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு. அதிலிருந்து மாதிரிகள் எடுக்கலாம். மறுபாதியைப் படம் பிடித்து, விவரித்து, பாதுகாப்பாக வைக்கிறார்கள். தண்டின் அடிமுனையிலிருந்து ஒரு துளி மண்ணை எடுத்து நுண்நோக்கியில் பார்ப்பவர், அதில் உள்ள நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு அந்த மண்ணின் வயதைச் சொல்லிவிடுகிறார். எந்தக் காலத்தில் எந்த உயிர் வாழ்ந்தது என்ற அட்டவணை அவர் தலையில் இருக்கிறது.

ஆசிரியரின் மேசை

இந்தக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் நிலவியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்து, தேர்வாகி, பயிற்சி பெற்று வந்தவர். 2005இல் ஆசிரியர்களுக்கென்றே இந்தக் கப்பலில் ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்கள்.

ஆசிரியரின் கையில் ஒரு கையடக்கக் கணினி. செயற்கைக்கோள் இணைப்பு வழியாக ஏதோ ஒரு நாட்டில் உள்ள வகுப்பறை திரையில் தெரியும். கணினியைத் தூக்கிக்கொண்டு துளைக்கோபுரம், ஆய்வுக்கூடம், சமையலறை என்று நடந்துகொண்டே அந்த மாணவர்களுக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டுவார். அங்கே காலை பத்து மணி என்றால் இவருக்கு நள்ளிரவாக இருக்கலாம். பாடம் மாணவர்களின் நேரப்படிதான் நடக்கும், தூக்கம் பிறகு. மீதி நேரத்தில் நாட்குறிப்பு எழுதுவது, பாடத்திட்டம் தயாரிப்பது, ஆய்வுக்கூடத்தில் கை கொடுப்பது.

ஆழ்கடல் பயணங்களில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. முன்பு கடைகளில் கோப்பி கட்டிக் கொடுப்பார்களே, அந்த வெள்ளை நுரைக் குவளைகளில் மாணவர்கள் படம் வரைந்து கொடுப்பார்கள். அவற்றை வலைப்பையில் போட்டு, கடலடிக்குப் போகும் கருவியோடு சேர்த்துக் கட்டி இறக்குவார்கள். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம், நாம் இங்கே உணரும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 400 மடங்கு. நுரைக்குள் இருக்கும் காற்றறைகள் நசுங்கி, குவளை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கித் திரும்பி வரும். வரைந்த படமும் சின்னதாகிவிட்டிருக்கும். அழுத்தம் என்றால் என்னவென்று அதன் பிறகு அந்த மாணவர்களுக்குச் சூத்திரம் எழுதிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆசிரியரின் உண்மையான வேலை இதைவிடக் கடினமானது. விஞ்ஞானி ஒருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியில் ஒன்றைச் சொல்கிறார். ஆசிரியர் "அப்படியென்றால்?" என்று கேட்கிறார். பதில் வருகிறது. மறுபடியும் "அப்படியென்றால்?" பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும் இடம் வரும் வரை அவர் விடுவதில்லை. அந்த வேலையை இங்கேயே செய்து பார்ப்போமா?

மண் சொன்ன பதில்

2016 ஆகஸ்டில் கொழும்பிலிருந்து புறப்பட்டு அக்டோபரில் சிங்கப்பூரில் முடிந்த அந்தப் பயணத்துக்கு 362ஆம் பயணம் என்று பெயர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா மெக்நீலும், அமெரிக்காவின் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியைச் சேர்ந்த பிராண்டன் டூகனும் அதன் தலைமை விஞ்ஞானிகள். அவர்கள் கண்ட முடிவு 2017 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அதன் சாரம் இதுதான்: துளையின் ஆழத்தில், மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரில் உப்பு குறைவாக இருந்தது.

அப்படியென்றால்?

கடலடி மண்ணில் சிக்கியிருப்பது கடல்நீர். அது உப்பாகத்தானே இருக்க வேண்டும்? உப்பு குறைந்தால், எங்கிருந்தோ நல்ல நீர் வந்து கலந்திருக்கிறது. 1,200 மீட்டர் மண்ணுக்கு அடியில் நல்ல நீர் எங்கிருந்து வரும்? ஆய்வுக்கூடத்தில் நீல நிறக் காப்பர் சல்பேட் படிகத்தைச் சூடாக்கியது நினைவிருக்கிறதா? படிகம் வெள்ளையாகும், சோதனைக்குழாயின் வாயில் நீர்த்துளிகள் நிற்கும். அந்த நீர் வெளியிலிருந்து வரவில்லை. படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு இருந்து, வெப்பத்தால் விடுபட்டது. கடலடியிலும் அதேதான். நுண்ணிய கடல் உயிர்களின் கண்ணாடி போன்ற ஓடுகளுக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது; களிமண் கனிமங்களுக்குள்ளும் இருக்கிறது. சூடானால் அது வெளியேறும்.

அங்கே சூடு எப்படி வந்தது? இமயமலையை நோக்கி நம் பார்வையைத் திருப்ப வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துக்கொண்டு வரும் வண்டல், வங்கக் கடலில் சேர்ந்ததோடு நிற்பதில்லை. கடலுக்கு அடியில் சரிந்து, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தெற்கே, சுமத்ராவுக்கு மேற்கு வரை போய்ப் படிந்திருக்கிறது. சுமார் 95 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் படிவு திடீரென வேகமெடுத்ததாகக் கப்பல் எடுத்த மண்தண்டுகள் காட்டின. சுமத்ராவை நெருங்கும்போது அதன் தடிமன் நான்கைந்து கிலோமீட்டர். பூமியின் உள்ளிருந்து வரும் வெப்பத்துக்கு மேல் இவ்வளவு தடித்த கம்பளியைப் போர்த்தினால் அடிப்பகுதி சூடாகத்தானே செய்யும்?

சரி, நீர் போனால் என்ன? தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள். உறைந்த ரப்பர் பால் கொழகொழவென்று இருக்கும். அதை உருளை இயந்திரத்தில் கொடுத்து நீரைப் பிழிந்து, புகை போட்டுக் காயவைத்தால் உறுதியான ஷீட்டாகிவிடும். கடலடி மண்ணும் நீரை இழந்து இறுகியது. இந்தியப் பெருங்கடலின் தளத்தைத் தாங்கும் புவித்தட்டு சுமத்ராவுக்கு அடியில் மெதுவாக நுழைந்துகொண்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உள்ள மண் ஈரமும் மென்மையுமாக இருக்கும்; அது நிலநடுக்கத்தின்போது வலுவாக உடையாது, உடைப்பு ஆழத்திலேயே அடங்கிவிடும் என்றுதான் முன்பு பலர் நினைத்தார்கள். ஆனால் சுமத்ராவில் மண் பள்ளத்தை அடையும் முன்பே இறுகிவிட்டிருந்தது. எனவே 2004இல் உடைப்பு மேலே, கடலடிக்கு மிக அருகே வரை வர முடிந்தது. கடலடி பெரிதாக அசைந்தது; அதன்மேல் இருந்த நீர் முழுவதும் அசைந்தது.

இதை வைத்து அடுத்த நிலநடுக்கம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கெல்லாம் இதேபோல் தடித்த மண் படிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய சுனாமி வரக்கூடும் என்று எச்சரிக்க முடியும். ஈரான், பாகிஸ்தான் கரையோரத்தின் மக்ரான், வட அமெரிக்காவின் கஸ்கேடியா ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

நான்கு மணி நேரம்

இனி ஒரு கணக்கு. சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஈர்ப்பு முடுக்கம் 9.8ஐ, மீட்டரில் உள்ள ஆழத்தோடு பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ விநாடிக்கு 198 மீட்டர்; மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல், விமானத்துக்கு நெருக்கமான வேகம். 100 மீட்டர் ஆழமுள்ள கடலில்? விநாடிக்கு 31 மீட்டர்தான். மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகம்.

அன்று நம் நேரப்படி காலை 8.58க்கு நிலம் அதிர்ந்தது. சில நிமிடங்களில் பினாங்கிலும் கெடாவிலும் சிலர் அதிர்வை உணர்ந்தார்கள். அலையோ சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, ஆழமில்லாத கடல் வழியே வேகம் குறைந்து வந்தது. நம் கரையை அது தொட்டபோது பகல் ஒரு மணியளவு. இடையில் சுமார் நான்கு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நம் கடற்கரைகளில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. நான்கு மணி நேரம் என்பது கரையோரத்தில் உள்ள ஒவ்வொருவரும் நடந்தே உள்ளே போய்விடப் போதுமான நேரம்.

அதே நாளில், லங்காவிக்கு வடக்கே தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரங்களுக்கு முன் அவளுடைய புவியியல் ஆசிரியர் சுனாமியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். அவள் பெற்றோரிடம் விடாமல் சொன்னாள். கடற்கரை காலி செய்யப்பட்டது. சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் உள்ள சிமெலுவே தீவிலும் இப்படித்தான். 1907இல் வந்த பேரலையை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள். நிலம் அதிர்ந்ததும் மக்கள் குன்றுகளுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

கப்பலில் ஆசிரியருக்கு என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் இதுதான். விஞ்ஞானி ஆழத்திலிருந்து அறிவை எடுக்கிறார். அது கரையில் இருப்பவரின் காதுக்குப் போய்ச் சேராவிட்டால், அலை வரும் நாளில் அதனால் பயனில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் வேண்டும். ஆசிரியர் அதற்காகவே அங்கே இருக்கிறார்.

இனி உங்கள் முறை

ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் 2024இல் தன் கடைசி ஆய்வுப் பயணத்தை முடித்துக்கொண்டது. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் கடலடி ஆய்வைத் தொடர்கின்றன. சீனா 2024 நவம்பரில் 'மெங் ஷியாங்' என்ற புதிய துளைக்கும் கப்பலைக் களத்தில் இறக்கியிருக்கிறது. 362ஆம் பயணத்தின் மண்தண்டுகள் ஜப்பானின் கோச்சி நகரில் குளிரூட்டிய கிடங்கில் இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி அல்ல, பெயர்தான் ஒன்றுபோல. அங்கே வெப்பநிலை 4 பாகை செல்சியஸ். நல்ல கேள்வியோடு விண்ணப்பிக்கும் ஆய்வாளருக்கு அந்த மண்ணிலிருந்து மாதிரி கிடைக்கும். இன்று நான்காம் படிவத்தில் வேதியியல் படிக்கும் ஒருவர் பத்து ஆண்டுகளில் அந்த விண்ணப்பத்தை எழுதலாம்.

அதற்கு முன் இப்போதே செய்ய வேண்டியவை சில. இன்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை சுனாமி எச்சரிக்கை விடுக்கிறது. கரையோர ஊர்களில் எச்சரிக்கை ஒலிப்பான்கள் உள்ளன. நாம் சுமத்ராவிலிருந்து தள்ளி இருப்பதால் அதிர்வு நமக்கு மெதுவாகத்தான் தெரியும். விளக்கு ஆடுவது, தொட்டித் தண்ணீர் அலம்புவது போல. தெரியாமலும் போகலாம். எனவே எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாதீர்கள். மேட்டுக்கோ, உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கோ போய்விடுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கி வராதீர்கள். பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். அதிகாரிகள் சொல்லும் வரை காத்திருங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மூன்று பேருக்காவது இதைச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் கடற்கரையோரம் வசிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.